கல் தெரிந்தால் நிறுத்து

கிழமைக்கு இரண்டு தரம் என் வேலிப் படலைக்கு ஒரு தண்ணீர்ப் பவுசர் வருகிறது. நீல நிறத் தாங்கி. அதன் வயிற்றில் வெள்ளைப் பெயின்ரால், தூரத்திலிருந்தே வாசிக்கக்கூடிய எழுத்தில், "ஊறும் அளவே இறைப்போம்" என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல் என்னுடையது. பவுசர் என் மருமகனுடையது. உள்ளே இருக்கிற தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றினது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பதுமில்லை.

சாரதி தலை நரைத்த மனிதன். முதல் நாள் என் தொட்டியை நிரப்பிவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "ஐயா, உங்களிட்டக் காசு வாங்க வேண்டாமெண்டு முதலாளி சொன்னவர்" என்றான்.

"அப்ப தண்ணியைத் திருப்பிக் கொண்டுபோம்."

"தொட்டிக்குள்ள விட்டாச்சே ஐயா!"

"அப்ப காசைப் பிடியும்."

பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து விலை கொடுத்துத்தான் வாங்குகிறேன். என் சொல்லை வெளியில் எழுதி, தண்ணீரை உள்ளே ஊற்றி, இரண்டையும் எனக்கே கொண்டுவந்து விற்கிறார்கள். இதற்குப் பிறகும் நான் என் பெருமையைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். சொல்லத்தான் போகிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை என் கையால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் திருத்துகிறவர் திருத்தட்டும். சொன்ன விடயத்தில் கை வைக்க வேண்டாம்.

பளையில் கன்று என்றால் என் நாற்றுமேடைதான். தென்னங்கன்று, தேசி என்கிற எலுமிச்சங்கன்று, ஒட்டுமாங்கன்று மூன்றும் என்னிடம் இருந்தன. மல்லாவியிலிருந்து லொறி வரும். பூவரசங்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து, ஒட்டுமாங்கன்றை மடியில் குழந்தை போல வைத்துக் கொண்டுபோன மனிசியும் உண்டு. இன்று ஏ-ஒன்பது வீதியால் போகிறவர்கள் இரண்டு பக்கமும் இளந்தென்னைகளைப் பார்க்கிறார்கள் அல்லவா, அதில் பாதி என் கையால் போனவை. பாதி என்று சொன்னால் மற்ற நாற்றுமேடைக்காரர் சிரிப்பார்கள். தாங்கள் விற்ற கன்றில் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

சண்டையில் இடம்பெயர்ந்து அலைந்து ஊருக்குத் திரும்பியபோது என் காணியில் தலையில்லாத தென்னைகள்தான் நின்றன. அடுத்தடுத்து இரண்டு துண்டுக் காணி, நடுவில் கிணறு. கிணற்றுக்குள் தகரம், சைக்கிள் றிம், தென்னங்குற்றி. மற்றவர்கள் நிவாரணத்தில் கொடுத்த கோழிக்கும் மண்வெட்டிக்கும் வரிசையில் நின்ற காலத்தில் நானும் மனைவியும் கிணற்றைத் துப்புரவாக்கினோம். நான் உள்ளே இறங்கி வாளியில் கட்டிவிட, அவள் மேலே நின்று இழுத்தாள். சேறு போய்த் தண்ணீர் தெளிந்ததும் முதல் வாய் குடித்தவள் அவள்.

"எப்பிடி?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"இளநி மாதிரிக் கிடக்கு. ஏறி வாங்கோ."

அந்தத் தண்ணீர்தான் என் முதல். வங்கியும் இல்லை, வெளிநாட்டுக்காரரும் இல்லை. தலை தப்பி நின்ற இரண்டொரு தென்னையில் விதைத்தேங்காய் பிடுங்கி மணலில் புதைத்தேன். அங்கிருந்து வந்தவன் நான்.

எங்கள் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மீதி விளங்காது. எங்கள் காலுக்குக் கீழே கடல் கிடக்கிறது. மாரியில் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, அந்த உப்புத் தண்ணீருக்கு மேலே பாலில் ஆடை படிந்த மாதிரிப் படிந்து நிற்கிறது. நாங்கள் குடிப்பது அந்த ஆடையைத்தான். மெதுவாக எடுத்தால் ஆயுசுக்கும் எடுக்கலாம். அவசரப்பட்டு அள்ளினால் ஆடை கிழியும், கீழே கிடக்கிற உப்பு மேலே ஏறும். ஏறினதை இறக்க எந்த மெசினும் கிடையாது. இதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. பொடியனாக இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு இறைத்தேன். தோட்டக்காரர் பக்கத்துக் காணியோடு போட்டிக்கு இறைத்து, கிணறு உப்பாகி, கட்டின் மேல் குந்தியிருந்து கையை நக்கி நக்கிப் பார்த்து அழுததைக் கண்டேன். கண்டதை மறக்கிற ஆள் நானல்ல.

அதனால் கிணற்றைத் திருப்பிக் கட்டும்போது உட்சுவரில் ஒரு தட்டைக் கல்லை வெளியே நீட்டி வைத்துக் கட்டுவித்தேன். மேசனுக்கு விளங்கவில்லை.

"அண்ணை, உதில கால் வைச்சு இறங்கப் போறியளோ? மற்றப் படிகள் எங்கை?"

"காலுக்கில்லை. கண்ணுக்கு."

சட்டம் அவ்வளவுதான். இறைக்கும்போது கல் தெரிந்தால் மெசினை நிறுத்து. பாதிக் கன்று தண்ணீர் குடிக்காமல் நின்றாலும் நிறுத்து. அடுத்த நாள் விடிய ஊறி வந்து கல்லை மூடியிருக்கும். அந்தக் கல்லுக்கு மேலே நிற்கிற தண்ணீர் எத்தனை கன்றைக் காக்குமோ அத்தனை கன்றுதான் என் வியாபாரம். நாற்றுமேடைக்கு முதலாளி நானில்லை, கிணறு. நான் அதனிடம் வேலை செய்தவன்.

தொழில் பெருகவில்லையா என்றால், பெருகியது. தண்ணீரைக் கூட்டாமல் பெருக்கினேன், அதுதான் என் கெட்டித்தனம். பாத்திகளுக்கு அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையைத் தாட்டேன். அது குடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். ஓரத்தில் வைத்த கிளிசறியா மரங்கள் வளர்ந்து நிழல் விழுந்ததும் வெயில் குடிக்கிற பங்கு குறைந்தது. மதியத்தில் ஊற்றுவதை விட்டுப் பொழுதுபடும் நேரத்துக்கு மாற்றினேன். வருசத்துக்கு வருசம் அதே கல், அதே தண்ணீர், கன்று மட்டும் கூடிக்கொண்டு போனது. 

பொறுமை என்றதும் எல்லாவற்றுக்கும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பது என்று நினைக்கவேண்டாம். விதைத்தேங்காயைத் தட்டி எழுப்ப முடியாது, உண்மை. ஆனால் மற்றதெல்லாம் முளைத்து நிற்க, தான் மட்டும் கிடக்கிற காயை நான் மழை வருமென்று பார்த்திருக்க மாட்டேன். பிந்தி முளைக்கிறது நல்ல மரமாகாது. உடைத்துக் கறிக்குக் கொடுத்துவிடுவேன். இரக்கம் பார்த்தவன் நாற்றுமேடை நடத்த ஏலாது. யூரியாவை அள்ளிப் போட்டுக் கன்றை நிழலில் கறுகறுவென்று கொழுக்க வைத்து விற்கிறவர்களும் இருந்தார்கள். அந்தக் கன்று வீட்டுக்குப் போய் வெயிலைக் கண்டதும் படுத்துவிடும். என் கன்று பார்வைக்கு மெலிவு. விற்க முதலே கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் தள்ளிப் பழக்கிவிடுவேன். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் நிற்கும்.

மல்லாவி லொறிக்காரர் ஒருவர் வாடிக்கையாக வருவார். என் வயசுதான் அவருக்கும். ஒருமுறை லொறி நிறையத் தென்னங்கன்று கேட்டார். அரை லொறிதான் தந்தேன்.

"மிச்சம் எங்கை?"

"மிச்சம் இன்னும் கிணத்துக்குள்ள கிடக்கு."

"பக்கத்தில இன்னொரு மேடையைப் போட்டுப் பெரிய மெசின் ஒண்டைப் பூட்டுமன். உம்மட கன்றுக்குச் சனம் அடிபடுது."

"கிணறு உத்தரவு தரேல்லை."

அவர் குசினிப் பக்கம் திரும்பி என் மனைவியிடம் உரத்துக் கேட்டார்: "தங்கச்சி, இந்தாள் கிணத்திட்டக் கேட்டுத்தான் உன்னையும் கட்டினவரோ?"

குசினிக்குள் இருந்து பதில் வந்தது: "ஓம் அண்ணை. கிணறு ஓமெண்டது. நான் இன்னும் ஓமெண்டு சொல்லேல்லை."

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. 

எங்களுக்கு ஒரே மகள். அவளுக்குச் சம்பந்தம் வவுனியாப் பக்கத்திலிருந்து வந்தது. பையன் வியாபாரப் படிப்புப் படித்தவர், ஒரு கொம்பனியில் விற்பனைப் பகுதியில் நல்ல வேலை. குடிவெறி இல்லை, மரியாதை தெரிந்தவர். அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். 

சீதனம் பேச அவர்கள் வந்திருந்தார்கள். இரண்டு துண்டுக் காணியில் வீடு கட்டியிருந்த துண்டை மகளுக்கு எழுதுவதாகவும், நாற்றுமேடைத் துண்டில் ஒரு சின்ன வீடு போட்டு நாங்கள் இருப்பதாகவும் பேச்சு. எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. காணியைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்கமாட்டார்கள். கிணற்றில் பங்கு எழுதுவார்கள். இன்னாருக்கு அரைப்பங்கு, இன்னாருக்குக் கால்பங்கு, இந்த நாள் இவருக்கு இறைப்பு என்று உறுதிப் பத்திரத்தில் இருக்கும். கிணற்றுப் பங்கால் கோடேறி வழக்காடிய சகோதரங்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர்.

சம்பந்தி தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார். 

"தண்ணி திறமாயிருக்கு. பிள்ளைக்குக் கிணத்தில என்ன பங்கு?"

என் மனைவி, "அரைவாசி" என்று வாயெடுத்தாள். சம்பந்தி லேசாகச் சிரித்தார். கூட வந்த அவருடைய தம்பியைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"என்ர பிள்ளைக்குப் பங்கோ?" என்றேன். "முழுக் கிணறும் பிள்ளைக்கு. நான் என்ர மேடைக்கு அவளிட்டத்தான் தண்ணி கேட்டு வாங்குவன்."

சம்பந்தி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவர்களுடைய ஊரில் அப்படி ஒருவரும் கொடுத்ததில்லை என்று பிறகு கலியாண வீட்டில் பேசிக்கொண்டார்களாம். பொழுதுபட்டபோது மனைவி ஒன்று மட்டும் சொன்னாள்: "கையைக் குடுக்கலாம், காலைக் குடுக்கலாம். நீங்கள் மூச்சைக் குடுத்திட்டியள்."

இன்றைக்கு அதைக் குத்திக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குத்தட்டும். ஒன்றுமில்லாமல் வந்த நான், ஒரு முழுக் கிணற்றைச் சீதனமாகக் கொடுத்தேன். கொடுத்தது பிழையில்லை. வாங்கினவர்கள் அதை என்னவென்று நினைத்து வாங்கினார்கள் என்பதில்தான் பிழை.

கலியாணம் முடிந்து மருமகன் எங்கள் ஊரிலேயே குடியிருக்க வந்தார். என்னோடு நல்ல பட்சம். கிளிநொச்சியில் இளம் வியாபாரிகளுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். சொந்த முயற்சியால் முன்னேறிய ஒருவர் பேசவேண்டுமென்று தேடியபோது, "என்ர மாமா இருக்கிறார்" என்று அவர்தான் என்னைக் கொண்டுபோனார். குளிரூட்டி போட்ட மண்டபம். எனக்கு முன்னால் பேசியவர்கள் திரையில் படம் காட்டிப் பேசினார்கள். நான் கல்லைப் பற்றிச் சொன்னேன். "பிள்ளைகள், ஊறுற அளவுக்குத்தான் இறைக்கலாம். கல் தெரிஞ்சால் நிப்பாட்டுங்கோ. நாளைக்கும் கிணறு வேணும்" என்றேன். எழும்பி நின்று கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த மருமகன்தான் முதலில் எழும்பினவர். திரும்பி வரும்போது, வாகனத்தில், "மாமா, உந்த ஒரு வசனம் போதும். உதை வைச்சே ஒரு பிஸ்னஸ் செய்யலாம்" என்றார். நான் அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த கோடை பொல்லாத கோடை. சோழகக் காற்று மணலை வாரி அடித்தது. ஊரில் பல கிணறுகள் அடி காட்டின. என் கிணறு மட்டும் காலையில் கல்லை மூடிக்கொண்டு நின்றது, ஏனென்றால் நான் அதை அப்படி வைத்திருந்தேன். ஒருநாள் மருமகன் நீலப் பவுசரோடு வந்து இறங்கினார். பளபளக்கிற புது மோட்டர் ஒன்றும் வந்தது. கனடாவில் இருக்கிற அவருடைய தமக்கை உதவியிருக்கிறா. பவுசரின் வயிற்றில் என் வசனம் ஏற்கெனவே எழுதியிருந்தது.

"மாமா, கன்று விக்க ஆறேழு மாசம் பாத்திருக்கோணும். தண்ணி விக்க அரை மணித்தியாலம்" என்றார். முகம் முழுக்கச் சந்தோசம். தானும் என்னைப் போல ஒரு தொழில் தொடங்கிவிட்டதைக் காட்ட வந்த பிள்ளையின் முகம் அது.

"தம்பி, கல் தெரியுமட்டும் இறைப்பியளோ?"

"ஓமோம். அதுதானே எங்கட கொள்கை. எழுதியெல்லாம் விட்டிருக்கு."

முதலில் அப்படித்தான் இறைத்தார். பொய் சொல்லக்கூடாது. பவுசர் ஒரு நடை போகும், கல் தெரியும், மோட்டர் நிற்கும். ஆனால் சனம் தண்ணீருக்குத் தவித்தது. தொலைபேசி அடித்தபடி இருந்தது. ஒரு நடை இரண்டாகி, இரண்டு நாலாகியது. ஒருநாள் பின்னேரம் எட்டிப் பார்த்தால் கல்லுக்குக் கீழே ஒரு பாகம் சுவர் ஈரமாக நிற்கிறது, மோட்டர் இன்னும் உறிஞ்சுகிறது. 

ஓடிப்போய் மோட்டரை நிறுத்தினேன். மருமகன் வீட்டுக்குள்ளிருந்து வந்தார்.

"மாமா, பளைக்கு அங்கால ஒரு குடியேற்றத்தில குடிக்கத் தண்ணியில்லை. சின்னப் பிள்ளையள் இருக்கிற இடம். சனத்துக்குத் தண்ணி குடுக்கிறது பிழையோ?"

கிணற்றுக்குள் எட்டி, வெளியே தெரிந்த கல்லைக் காட்டினேன். 

"இண்டைக்குக் குடுத்திட்டு நாளைக்கு என்னத்தைக் குடுப்பியள்?" என்று கேட்டேன்.

"நாளைக்கு ஊறும்தானே. இது கிணறு, மாமா. போத்தல் இல்லையே."

மகள் வாசலில் நின்றாள். அந்தக் கல்லைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்து, "அப்பா, கல் முழிச்சிட்டுது!" என்று கத்துகிறவள். அவளைப் பார்த்தேன்.

"நீ சொல்லன் பிள்ளை."

அவள் புருசனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "அப்பா, தந்தது நீங்கள். முழுக்கத் தாறனெண்டு சபையில சொல்லித் தந்தது. தந்த பிறகு ஏன் ஒவ்வொரு நாளும் வந்து எட்டிப் பாக்கிறியள்? அவருக்கு எவ்வளவு வெக்கம்."

நான் வேலியைத் தாண்டி என் துண்டுக்கு வந்துவிட்டேன். என் மேடைக்கு வருகிற குழாய் அதே கிணற்றிலிருந்துதான் வந்தது. அன்றைக்குப் பின்னேரம் நானும் அந்தத் தண்ணீரைத்தான் கன்றுகளுக்கு விட்டேன். வேறு தண்ணீர் எனக்கு ஏது?

கொஞ்ச நாளில் மகள் கடைக்காரனோடு சண்டை பிடித்துவிட்டு வந்தாள். கையில் ஒரு பருப்புப் பொட்டலம்.

"பழம்பருப்பைத் தந்து ஏமாத்துறான் அம்மா. எவ்வளவு நேரம் அடுப்பில வைச்சாலும் கல்லுப்போலக் கிடக்கு. அவியுதேயில்லை."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன். பருப்பில் பிழையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. உப்பு ஏறின தண்ணீரில் பருப்பு அவியாது. எழும்பிப் போய்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளி, உள்ளங்கையில் விட்டு நாக்கில் வைத்தேன். வெங்காயத் தோட்டக்காரர் அழுதது ஏனென்று அந்த வயதில் எனக்கு முழுக்க விளங்கியிருக்கவில்லை. 

தேசிக்கன்றுகள்தான் முதலில் போயின. தேசி உப்பைத் தாங்காது. இலையின் ஓரம் நெருப்பில் வாட்டின மாதிரிப் பழுத்து, சுருண்டு, ஒவ்வொன்றாக உதிர்ந்தது. பிறகு ஒட்டுமாங்கன்றுகள். வெட்டி ஒட்டிய இடம் பிடித்து, துளிர் விட்டு, இனி விற்கலாம் என்று நின்ற கன்றுகள். தென்னை மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக நின்றது. பாத்தி பாத்தியாகப் பிடுங்கிக் கொண்டுபோய் வேலியோரம் குவித்தேன். மல்லாவி லொறிக்காரர் வந்து பார்த்தார். அன்றைக்கு அவர் ஒரு பகிடியும் விடவில்லை. அவருடைய வெறும் லொறி திரும்பிப் போகிற சத்தம் கனநேரம் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்கமாட்டா. வேலிக்கு மேலால், "அண்ணை, உங்கட மருமோன் கடலுக்குக் கொம்பிளெயின் குடுக்கப்போறாராம், உன்ர உப்பை எடெண்டு" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். சிரித்தபடியே வீட்டுக்குள் போய் இருந்துகொண்டேன்.

மருமகன் மன்னிப்புக் கேட்டார் என்றுதான் சொல்லவேண்டும். கேட்ட விதம் இப்படி: "மாமா, இப்பிடி நடக்குமெண்டு ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்லையே." 

நான் ஒரு மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னேன். அவர் முன்வரிசையில் இருந்தார்.

அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வவுனியாவுக்கு, அவருடைய தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். பேரப்பிள்ளை பிறந்ததும் அங்கேதான். பவுசர் மட்டும் நிற்கவில்லை. வேறு கிணறுகள், வேறு காணிக்காரர்கள். இன்றைக்கு அவரிடம் ஒன்றல்ல, பல பவுசர் ஓடுகிறது. எல்லாவற்றிலும் என் வசனம் இருக்கிறது. அவர் முன்னேறிவிட்டார். அவசரப்பட்டவன் கெட்டுப்போவான் என்று நான் கிளிநொச்சி மண்டபத்தில் சொன்னேன், அது பொய். அவசரப்பட்டவன் கெடுவதில்லை. அவன் இறைத்த கிணறுதான் கெடுகிறது. அவன் அடுத்த கிணற்றுக்குப் போய்விடுவான். இயற்கை பாடம் படிப்பிக்கும் என்கிறார்கள். படிப்பிக்கிறதுதான். பிழை செய்தவனைக் கூப்பிட்டு இருத்திப் படிப்பிக்கிறதில்லை, பக்கத்துக் காணிக்காரனைப் படிப்பிக்கிறது.

அவர்கள் புறப்பட்டுப் போகும்போது மகளிடம் ஒன்று மட்டும் கேட்டேன். "கிணறு உன்ர பேரில கிடக்கட்டும். நான் ஒரு வாளிகூட அள்ளமாட்டன். ஆரும் அள்ளாமல் மட்டும் விடு." விட்டாள். தகரத்தால் மூடிவைத்தேன். என் மேடையைச் சுருக்கி, தென்னங்கன்று மட்டும், பவுசர்த் தண்ணீரில் வளர்க்கிறேன். தண்ணீர் விலையைக் கூட்டிப் பார்த்தால் இதை ஒரு வியாபாரமென்று சொல்ல வெட்கம். கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

மாரி மாறி மாறி வந்தது. ஒவ்வொரு மாரி முடிவிலும் தகரத்தை நீக்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். உப்பு. மறுவருசமும் உப்பு. வயசு போனவனுடைய நாக்கை நம்பலாமோ என்றும் யோசித்தேன்.

சென்ற மாரிக்குப் பிறகு ஒருநாள் மத்தியானம் மனைவி சோறு போட்டாள். பருப்புக்கறியை அள்ளி விட்டாள். கையால் தொட்டதும் கரைந்தது. வெண்ணெய் மாதிரி அவிந்திருந்தது. பவுசர்த் தண்ணீரில் அது ஒருநாளும் அப்படி அவிவதில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"கிணத்துத் தண்ணியோ?"

"மெல்லக் கதையுங்கோ" என்றாள். வீட்டில் எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒருவருமில்லை. 

நான் சாப்பிட்டு முடிக்கவில்லை. போய்த் தகரத்தை நீக்கி, ஒரு செம்பு அள்ளிக் குடித்தேன். இளநீர் என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர். ஆடை திரும்பப் படியத் தொடங்கிவிட்டது. ஒருவரும் தொடாமல் விட்டதால், தன் பாட்டில், தன் காலத்தில். ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல இருந்தது. வாழ்நாளில் இதைவிடப் பெரிய வெற்றி எனக்கு இல்லை. 

அந்தக் கிழமை மகள் தொலைபேசி எடுத்தாள். பேரன் கதைக்கப் பழகிவிட்டானாம், "அப்பப்பா" என்று சொல்லுறானாம், "அம்மப்பா" என்று சொல்ல வருகுதில்லையாம். பின்னால் கிண்ணம் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அப்பா, கிணத்துத் தண்ணி இப்ப எப்பிடி? அவர் கேக்கச் சொன்னவர். தண்ணி சரியெண்டால் நாங்கள் அங்கயே வந்து இருப்பமெண்டு சொல்லுறார். பவுசருக்கும் கிட்ட ஒரு கிணறு இருந்தால் சுகமாம்."

மனைவி குசினி வாசலில் நின்று என் வாயையே பார்த்தாள். பேரனை அவள் கையில் தூக்கிக் கன நாள். 

"உப்பு, பிள்ளை," என்றேன். "வாயில வைக்க ஏலாது."

"இன்னுமோ?"

"இன்னும்."

மனைவி உள்ளே போய்ச் சட்டிகளை உரத்துக் கழுவத் தொடங்கினாள். கழுவின சட்டியைத் திரும்பவும் கழுவினாள். என்னை ஏசவில்லை. ஓமென்றும் சொல்லவில்லை.

இதை அச்சில் போட்டால் மருமகன் கண்ணில் படாதா என்று கேட்கலாம். படாது. என் பேச்சில் ஒரு வசனத்துக்கு மேல் அவர் ஒருநாளும் எடுத்ததில்லை.

கல் தெரியவில்லை. தண்ணீர் அதற்கு மேலே நன்றாக ஏறி நிற்கிறது. பவுசர்க்காரன் படலையில் நின்று ஹோர்ன் அடிக்கிறான். தகரத்தை இழுத்துக் கிணற்றை மூடி, அதன் மேல் ஒரு தென்னங்குற்றியைத் தூக்கி வைத்துவிட்டு, அவனுக்குக் காசு எடுக்க உள்ளே போகிறேன்.